உட்கார்ந்து அடிக்கிற ஊர்

என்னிஸ், அயர்லாந்து
14 செப்டம்பர் 2025

அண்ணா,

அம்மாவிடம் வீடியோவில் பேசும்போதெல்லாம் நீ அடுத்த அறையில் வேலையாக இருப்பதாகச் சொல்கிறாள். நல்லூர் வீட்டில் இருப்பதே ஒரு அறையும் சமையல்கட்டும்தான். நீ சமையல்கட்டில் ஒளிந்துகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துவோம். அதனால் மெயில் எழுதுகிறேன். அழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டு அழி.

முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். பொங்கலுக்கு லீவு கிடைத்திருக்கிறது. எங்கள் பறைக் குழு பொங்கலன்று திருப்பூரில் அடிக்கிறது. நானும் அடிக்க ஒப்புக்கொண்டுவிட்டேன். மார்ச் மாதம் நான் இங்கே கிளம்பிய அன்று, கோவை ஏர்போர்ட்டில் காரை விட்டு இறங்காமலே நீ சொன்னாய்: "தப்பட்டைய விட்டுட்டு வர்றதுன்னா ஊட்டுக்கு வா. இல்லீன்னா ஹாஸ்டல் பாத்துக்க." அந்தப் பேச்சு இன்னும் அப்படியேதான் நிற்கிறதா? வீட்டுக்கு வரட்டுமா, ஹாஸ்டல் பார்க்கட்டுமா?

நான் மேடையில் பறையடித்த வீடியோவைப் பார்த்துத்தான் அனுப்பர்பாளையம் வீட்டுக்காரர் நம் சாதியைத் தெரிந்துகொண்டு காலி செய்யச் சொன்னார். ஒத்துக்கொள்கிறேன். சாமான்களுக்கு நடுவில் அம்மா டெம்போவில் உட்கார்ந்து போனதை நானும் பார்த்தேன். ஆனால் அவர் மேல் வர வேண்டிய கோபத்தை நீ என் மேல் இறக்கினாய். இன்னும் இறக்கிக்கொண்டிருக்கிறாய்.

சரி, விடு. இங்கே முதியோர் இல்லத்தில் வேலை பழகிவிட்டது. குளிப்பாட்டுவது, தூக்கி உட்கார வைப்பது, ஊட்டுவது. பேச்சு பாதி புரிகிறது. ஞாயிற்றுக்கிழமைதான் கொடுமை. அறைக்குள் இருந்தால் சத்தமே இல்லை. பனியன் மிஷின் சத்தத்துக்குள் வளர்ந்தவளுக்கு அமைதி ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் பாட்டு தேடிப் போனேன்.

முதலில் போன பப்பில் மைக், ஸ்பீக்கர், சுற்றுலாக்காரர்களின் கைதட்டல். நம் ஊர்க் கல்யாண மண்டபக் கச்சேரி மாதிரி இருந்தது. எங்கள் இல்லத்துச் சமையல்காரி நூலா கேட்டுவிட்டுச் சிரித்தாள். அது காட்சி, நீ பார்க்க வேண்டியது செஷன் என்றாள். செஷனுக்கு டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது. ஏழெட்டுப் பேர் பப்பில் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தங்களுக்காக வாசித்துக்கொள்வார்கள். எங்கே, எப்போது என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்களாம். தெருவில் கையில் பெட்டியோடு போகிறவன் பின்னால் போ என்றாள்.

போனேன். முதல் ஞாயிறு நான் பின்தொடர்ந்தவர் ஒரு வீட்டின் முன் நின்று பெட்டியைத் திறந்தார். உள்ளே ஸ்பேனர்கள். தண்ணீர்க்குழாய் ரிப்பேர் செய்ய வந்தவர். என்னைப் பார்த்து, உன் வீட்டிலும் ஒழுகுகிறதா என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு சரியான பெட்டி. பிடில். பப் வாசலுக்குப் பக்கத்தில் நின்று முழுக்கக் கேட்டேன். அவர்களிடம் பௌரான் என்று ஒரு வாத்தியம் இருக்கிறது. வட்டச் சட்டம், ஆட்டுத் தோல், ஒரே ஒரு குட்டிக் குச்சி. அண்ணா, ஆட்டுத் தோல். மழை பெய்ததுகூட எனக்கு உறைக்கவில்லை.

பதில் எழுது.

பூங்குழலி

*

நல்லூர், திருப்பூர்
22 செப்டம்பர் 2025

பூங்குழலிக்கு,

படித்தேன். அழிக்கவில்லை. கம்பெனி கம்ப்யூட்டரில் எழுதுகிறேன், சுருக்கமாகத்தான் எழுத முடியும்.

ஒரு கேள்வி. மழையில் ஏன் வெளியே நின்றாய்? மேடையேறி எங்கள் இசை எங்கள் பெருமை என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் நீ. அங்கே உன் ஊரும் தெரியாது, தெருவும் தெரியாது. கதவு திறந்துதான் இருந்திருக்கும். பிறகு ஏன் வெளியே நின்றாய்? யோசித்து எழுது.

வீட்டு விஷயம். அம்மாவோடு நான் ஏறி இறங்கிய வீடுகளுக்குக் கணக்கில்லை. "நீங்க எந்தப் பக்கமுங்க?" என்று ஆரம்பிப்பார்கள். மடத்துக்குளம் என்றால் அங்கே எந்தத் தெரு, எந்தக் கோயில் என்று வரும். எல்லாம் சிரித்த முகத்தோடு, மோர் கொடுத்துவிட்டு. கடைசியில் சொந்தக்காரர்கள் வருகிறார்கள், வீட்டைத் தருவதற்கில்லை என்பார்கள். இந்த வீட்டுச் சித்ராதேவி அக்கா மேலே கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அம்மா இப்போது தூங்குகிறாள். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

இங்கே வேலையும் சரியில்லை. அமெரிக்கா வரி போட்டதிலிருந்து பாதி லைன் நிற்கிறது. ஒடிசாப் பையன்கள் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள். ஓனர் தரணீதரன் என்னை மட்டும் சூப்பர்வைசராக வைத்திருக்கிறார். மூன்று வருடப் பழக்கம்.

நீ பொங்கலுக்கு வா. திருப்பூரில் அடிக்காதே. அடிப்பதாக இருந்தால் வீட்டுக்கு வராதே. சொன்னது சொன்னதுதான்.

அருள்குமார்

*

என்னிஸ்
5 அக்டோபர் 2025

அண்ணா,

உன் கேள்வியைப் படித்துவிட்டு, சிகரெட் பிடிக்கிறவர்கள் நிற்கிற இடம் அது, எல்லோரும்தான் நிற்கிறார்கள் என்று பதில் எழுதினேன். அனுப்பவில்லை. அது பொய். உள்ளே ஈரக் கோட்டோடு நுழைகிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். யாராவது வா என்று சொல்ல வேண்டும் என்று நின்றிருக்கிறேன். பப்பில் வேலை செய்கிற பெண் இரண்டு தடவை வெளியே வந்து டாக்ஸி கூப்பிடட்டுமா என்று கேட்டாள். வண்டிக்குக் காத்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன்.

உன் மேல் இருந்த கோபத்தில் போன ஞாயிறு உள்ளே போனேன். கோட்டு மாட்டுகிற சுவர் ஓரமாக நின்றேன். மேஜையைச் சுற்றி ஆறு பேர். அதில் ஒருத்தி நூலா. மடியில் கன்செர்டினா, கைக்குள் அடங்குகிற ஆர்மோனியப் பெட்டி மாதிரி. தான் வாசிப்பதை என்னிடம் அவள் சொல்லவே இல்லை. என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியைக் காலால் நகர்த்தினாள். வாசிக்கிறவர்களுக்கு மட்டும் உள்ள நாற்காலி அது. உட்கார்ந்தேன்.

இவள் ஊரில் தோல் அடிக்கிறவள் என்று நூலா மற்றவர்களிடம் சொல்லிவிட்டாள். பௌரான்காரர் பீர் வாங்க எழுந்தவர், தன் வாத்தியத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கையில் வாங்கியதும் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்றேன்.

யோசிக்கவே இல்லை. தோல் கைக்கு வந்ததும் கால் தானாக எழுந்துகொண்டது. நான் கிளம்புகிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். பிடில்காரர் வில்லை இறக்கிவிட்டு வழிவிட்டார். நூலா என் ஸ்வெட்டர் நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். உட்கார்ந்தால் கை வரவில்லை. தொடை மேல் சாய்த்து வைத்து, ஒரு கையைத் தோலுக்குப் பின்னால் கொடுத்து, ஒரே குச்சியால் அடிக்க வேண்டும். நான் சாலையில் ஊர்வலம் போகிற மாதிரி அடித்தேன். பிடில் சத்தம் செத்துப்போனது. பாட்டு பாதியில் நின்றது. பிடில்காரர் சிரிக்காமல் சொன்னார், இது போர் இல்லை, கேட்டுவிட்டு அடி என்று.

எழுந்து வந்துவிட்டேன். நிறத்தைப் பார்த்துத்தான் சொன்னான் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். மறுநாள் சமையலறையில் நூலா பௌரான்காரர்களைப் பற்றி வரிசையாகக் கேலிக்கதைகள் சொன்னாள். அந்த வாத்தியம் வாசிக்கிற எல்லோரும் அந்த மேஜையில் அப்படித்தான் திட்டு வாங்குவார்களாம். ஒரு நேரத்தில் ஒரு தோல்தான். முதல் சுற்றுக் கேட்க வேண்டும், இரண்டாம் சுற்றில் மெதுவாக நுழைய வேண்டும். அது அவர்கள் ஒழுங்கு. எனக்குத்தான் தெரியவில்லை.

ஆனால் நின்றது மனதை விட்டுப் போகவில்லை. என் பெருமையெல்லாம் வாயில்தான் இருந்திருக்கிறது. காலுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

குழலி

*

நல்லூர்
16 அக்டோபர் 2025

குழலி,

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நீ எழுந்து நின்ற இடத்தில் அவள் சிரித்தாள். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "உக்காந்துட்டு அடிச்சா கை எப்புடி வரும்?" கொஞ்ச நேரம் கழித்து, "நாற்காலி போட்டாங்களா புள்ளைக்கு?" என்று கேட்டாள். போட்டார்கள் என்றேன். "நல்ல நாற்காலியா?" என்றாள். அதை நீதான் சொல்ல வேண்டும்.

நின்று அடிக்கும்போது அடி தோளிலிருந்து வருகிறது. உட்கார்ந்துவிட்டால் தோளை மறந்துவிடு. முழங்கையை விலாவில் ஒட்டவை. மணிக்கட்டு மட்டும் ஆடட்டும். சத்தம் தானாகக் குறையும். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. அப்பா இழவு வீடுகளுக்கு அடிக்கப் போனபோது கூடப் போனவன் நான், நீ இல்லை. உனக்குப் பறை காலேஜில் கிடைத்தது. டீ சர்ட் போட்டு, மைக் வைத்து, கைதட்டலோடு கிடைத்தது. எனக்கு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் போட்ட சோற்றோடு கிடைத்தது. இரண்டும் ஒரே தோல்தான் என்று நீ சொல்வாய். சாப்பிட்டவனுக்கு அப்படித் தெரியாது.

உன் கடிதத்தில் எனக்கு ஒன்று இடிக்கிறது. உள்ளே இத்தனை பேரை உட்கார வைத்திருக்கிற ஊர் என்றால், வெளியே யாரையாவது நிற்க வைத்திருக்கும். உன்னைப் போல வெளியூரிலிருந்து வந்தவர்களைச் சொல்லவில்லை. அந்த ஊரிலேயே பிறந்தவர்கள். யார் என்று பார்த்து எழுது. இல்லை என்றால் நான் நம்பமாட்டேன்.

இன்னொன்று. பொங்கலுக்கு உங்கள் குழுவை ஈரோட்டில் அடிக்கச் சொல்ல முடியாதா? திருப்பூர்தான் வேண்டுமா? அம்மா உன் போர்வையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்று சொன்னால் கேட்கவில்லை.

அருள்

*

என்னிஸ்
2 நவம்பர் 2025

அண்ணா,

நல்ல நாற்காலி இல்லை. ஒரு கால் குட்டை. அம்மாவிடம் சொல்.

நீ சொன்னபடி செய்தேன். முழங்கையை ஒட்டவைத்து, மணிக்கட்டை மட்டும் விட்டு. ஜிக் என்று ஒரு வகை இருக்கிறது, மூன்று மூன்றாக ஓடும். முதல் சுற்று சும்மா இருந்தேன். இரண்டாவதில் நுழைந்தேன். பாட்டுக்கு அடியில் நம் அடி ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, நான் அதன் மேல் குச்சியை வைத்தேன், அவ்வளவுதான். பிடில்காரர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காததுதான் பாராட்டு என்று நூலா சொன்னாள். பாட்டு முடிந்ததும் ஆரஞ்சு ஜூஸ் ஒன்று என் பக்கம் நகர்ந்து வந்தது. அவர்தான் வாங்கியிருக்கிறார். அன்றைக்கு நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

அன்றைக்கே உன் கேள்விக்கும் பதில் கிடைத்தது.

இங்கே ட்ராவலர்ஸ் என்று ஒரு சனம் இருக்கிறது. ஒரு காலத்தில் கூண்டு வண்டிகளில் ஊர் ஊராகப் போனவர்கள். இதே நாடு, இதே நிறம், இதே சர்ச். இப்போது பலர் ஊருக்கு வெளியே தனி இடத்தில் இருக்கிறார்கள். அக்குளில் துருத்தியை அமுக்கி வாசிக்கிற துருத்திக்குழலில் அந்தச் சனத்துப் பழைய ஆட்களை மிஞ்ச யாரும் பிறக்கவில்லை என்று பிடில்காரரே சொல்வார். அவர்களிடமிருந்து வந்த பாட்டு ஒன்றைத்தான் நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு ஆண், ஒரு பெண், பள்ளிக்கூடச் சீருடை வயதில் ஒரு பெண்குழந்தை உள்ளே வந்தார்கள். டாக்ஸி கூப்பிடட்டுமா என்று என்னிடம் கேட்ட அதே பெண் கதவுக்குப் போய், இன்றைக்குத் தனியார் விருந்து, மன்னிக்க வேண்டும் என்றாள். எவ்வளவு மரியாதையாகச் சொன்னாள் தெரியுமா? உனக்கு மோர் கொடுத்தவர்கள் மாதிரியே. விருந்தும் இல்லை, ஒன்றும் இல்லை. பாதி மேஜை காலி. அந்த ஆள் வாதாடவில்லை. குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டார். நூலா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் என்ன செய்தேன் என்று நீ கேட்பாய். அடுத்த பாட்டுக்கு அடித்தேன்.

எழுந்து போயிருக்கலாம். ஏன் என்று கேட்டிருக்கலாம். முதல் தடவையாக ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது, அதை விட மனசு வரவில்லை. போன வாரம் பஸ் ஸ்டாப்பில் இரண்டு பையன்கள், ஊருக்குப் போடி என்று என்னைப் பார்த்துக் கத்தினார்கள். அந்த வாரத்திலேயே நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு இன்னொருவர் வெளியே போவதைப் பார்த்தேன்.

நீ நல்லூரில் ஏன் வாயைத் திறக்காமல் இருக்கிறாய் என்று இப்போது தெரிகிறது. அம்மாவுக்கு ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது. அதைத் தள்ளிவிடு என்று சொல்ல நான் யார்? நான் ஹாஸ்டலில் தங்கிக்கொள்கிறேன். அம்மாவைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டுப் போகிறேன். உன்மேல் கோபம் இல்லை. நிஜமாக இல்லை.

குழலி

*

நல்லூர்
19 நவம்பர் 2025

குழலி,

இது என் போனிலிருந்து எழுதுவது. கம்பெனிக் கம்ப்யூட்டர் இனி இல்லை.

ஓனருடைய அப்பா அப்புசாமி பொங்கலூர்த் தோட்டத்தில் இறந்துபோனார். காலையில் தரணீதரன் என்னைக் கேபினுக்குக் கூப்பிட்டார். கண் சிவந்திருந்தது. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. வண்டி ஏற்பாடு, மாலை, லைன் ஆட்களைக் கூட்டிப்போவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். கடைசியில் சொன்னார்:

"அப்பறம் அருளு, உங்க ஆளுங்க ரெண்டு செட்டு வரச் சொல்லீருங்க. உங்கப்பாரு எங்க தோட்டத்துல வந்து அடிச்சிருக்காருன்னு எங்கப்பாரு சொல்லுவாருங்க."

"உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டேன்.

"தெரியாமயாங்க? அதுக்கென்னங்க, நாமெல்லாம் ஒண்ணுமண்ணாத்தானே இருக்கறோம்."

ஒரு விஷயம் உனக்கு எழுதியதில்லை. ஆபீஸில் எல்லோருக்கும் டீ சில்வர் டம்ளரில் வரும். எனக்கு மட்டும் பேப்பர் கப். சூப்பர்வைசர் என்று ஒரு மரியாதை போல என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, அப்படி நினைக்க ஆசைப்பட்டேன். மூன்று வருடம் அந்தக் கப்பைக் கசக்கிக் குப்பையில் நானேதான் போட்டிருக்கிறேன்.

வேலையை நினைத்தேன். ஊரில் பாதி லைன் மூடிக்கிடப்பதையும் நினைத்தேன். வாய் கேட்கவில்லை. "மாலை வாங்கறேனுங்க. லைன் ஆளுங்களக் கூட்டியாறேனுங்க. தப்பட்டைக்கு மட்டும் சொல்ல மாட்டேனுங்க" என்றேன்.

"ஏனுங்க?"

"என் தங்கச்சி பறை அடிக்கறாளுங்க. அயர்லாந்துல நாற்காலி போட்டு உக்கார வச்சு அடிக்கச் சொல்றாங்க. நீங்களும் நாற்காலி போடறதா இருந்தா சொல்லுங்க, கேட்டுப் பாக்கறேனுங்க."

அவர் கோபப்படவில்லை. மேஜை மேல் இருந்த சாவியை எடுத்துப் பார்த்துவிட்டு, நல்லாப் பேசறீங்க என்றார். காரியம் முடிந்த மறுநாள் கூப்பிட்டு, ஆர்டர் இல்லை, கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்றார். அதற்கும் 'ங்க' போட்டார். இந்த ஊரில் செருப்பால் அடித்தாலும் 'ங்க' போட்டுத்தான் அடிப்பார்கள்.

கம்பெனியில் பேச்சுப் பரவினால் வீட்டுக்கு வர எத்தனை நாளாகும்? அதனால் அன்று சாயந்திரமே சித்ராதேவி அக்காவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். இன்ன சாதி, இன்ன ஊர், என் தங்கச்சி பொங்கலுக்கு வருவாள் என்று. அந்த அக்கா பூத் தொடுத்துக்கொண்டிருந்தது. "எனக்கு ஒண்ணுமில்லீங்க தம்பி. எங்க மாமனாரு ஒத்துக்க மாட்டாருங்க. இந்த மாசம் இருந்துட்டுப் போங்க" என்றது.

மாடிப்படி ஏறும்போது அம்மா என் காதருகில் சொன்னாள், "அந்த மாமனாரு போட்டோவுல மாலையோட தொங்கறாரு. இனி எங்கிருந்து ஒத்துக்கறது?"

இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்து சிரித்தோம். பிறகு அம்மா பாத்திரங்களைத் துணியில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். முழங்கால் வலிக்கிறது என்று சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்தேன்.

நீ ஹாஸ்டலில் தங்க வேண்டாம். எங்கே தங்குவாய் என்று இன்றைக்கு எனக்குத் தெரியாது. ஹாஸ்டல் இல்லை, அது மட்டும் தெரியும்.

அந்த ட்ராவலர்ஸ் வீட்டுக் குழந்தைக்கு என்ன வயசு இருக்கும்?

அருள்

*

என்னிஸ்
30 நவம்பர் 2025

அண்ணா,

எட்டு வயது இருக்கும். மஞ்சள் தொப்பி.

உன் மெயிலை இங்கே குளியலறையில் நின்று படித்தேன். அழுதுவிட்டு, முகம் கழுவிவிட்டு, ஒரு பாட்டிக்குக் கஞ்சி ஊட்டப் போனேன். அவர் என் கையைத் தடவிக்கொடுத்தார். நான் ஊட்டுகிறேனா, அவர் ஊட்டுகிறாரா என்றே தெரியவில்லை.

நாற்காலி போடுங்கள் என்று நீ சொன்ன இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த நாற்காலியில் இப்போது நான் இல்லை. அடுத்த ஞாயிறு போய் அந்தப் பப் பெண்ணிடம், அன்றைக்கு யாருடைய விருந்து என்று கேட்டேன். டம்ளர் துடைத்துக்கொண்டே, உனக்கு இந்த ஊர் விவகாரம் புரியாது என்றாள். எனக்குப் புரிகிற ஒரே விவகாரம் இதுதான் என்று சொன்னேன். என் இங்கிலீஷில் எப்படி விழுந்ததோ. பிடில்காரர், பாட்டுக்கு வந்தோமா பஞ்சாயத்துக்கு வந்தோமா என்றார். வெளியே வந்துவிட்டேன்.

நூலா என்னோடு எழுந்து வரவில்லை. அவள் இன்னும் அங்கேதான் வாசிக்கிறாள். அவள் பிறந்த ஊர், அவளுடைய அப்பா உட்கார்ந்து வாசித்த மேஜை. நான் குறை சொல்லவில்லை, ஆனால் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கிற ஒரு ஊரின் பெயரைச் சொன்னாள். அங்கே துருத்திக்குழல்காரர்கள் வருகிறார்களாம், யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்று கேள்வியாம். தானே போய்ப் பார்த்ததில்லையாம். நீ போய்ப் பார்த்துவிட்டு எனக்கும் சொல் என்றாள். அவளுடைய வயது ஐம்பத்தைந்து. மறுபடி பெட்டி பின்னால் நடக்க வேண்டும் போலிருக்கிறது.

இனி முக்கியமானது. வீடு பார்க்கும்போது என்னைப் பற்றிச் சொல்லாதே. பறை என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. மடத்துக்குளம் என்று சொல்லி நிறுத்திக்கொள், பழையபடி. நான் குழுவிடம் பேசிவிட்டேன். இந்த வருடம் அடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு மாடிப்படி இல்லாத வீடாகக் கிடைக்கட்டும். அதற்காக நீ எந்தப் பொய் சொன்னாலும் என் சம்மதம் உண்டு. வேலையும் இல்லாமல் வீடும் இல்லாமல் நீ வீரம் காட்ட வேண்டாம் அண்ணா. நான் தூரத்தில் உட்கார்ந்து பேசியதற்கெல்லாம் நீ அங்கே விலை கொடுக்கிறாய். அது எனக்குத் தாங்கவில்லை.

குழலி

*

திருப்பூர், மங்கலம் ரோடு
21 டிசம்பர் 2025

கண்ணு,

வீடு மாறிவிட்டோம். தரைத் தளம்.

உன் பேச்சைக் கேட்கக்கூடாது என்று இல்லை. முதல் வீட்டில் மடத்துக்குளம் என்றுதான் ஆரம்பித்தேன். அந்த அம்மா எந்தத் தெரு என்று கேட்டபோது எனக்குச் சலிப்பாக இருந்தது. வீரமெல்லாம் இல்லை, சலிப்புத்தான். இத்தனை வருடம் பொய் சொல்லியும் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. பிறகு எதற்கு அந்தப் பாடு? காலனித் தெருங்க என்றேன். வீடு இல்லை என்றார்கள். மோரும் இல்லை. நேரம் மிச்சம்.

அடுத்து எல்லா வீட்டிலும் உட்காருவதற்கு முன்பே நானே சொல்லிவிட்டேன். அம்மா முதல் நாள் என் சட்டையை இழுத்தாள். மூன்றாம் நாள் அவளே ஆரம்பித்துவிட்டாள். "நாங்க இன்னாருங்க, பையன் லைன்ல வேலை, புள்ள வெளிநாடுங்க, ஊடு உண்டுங்களா?" என்று ஒரே மூச்சில். பல இடத்தில் இல்லை. ஒரு இடத்தில் கதவு சாத்தினார்கள். இப்படியே சுற்றித்தான் இங்கே வந்தோம்.

வீட்டுக்காரர் பழனிமுத்து. விருதுநகர்ப் பக்கத்துக்காரர், சாயப்பட்டறையில் வேலை. முன்பக்கம் அவர் குடும்பம், பின்பக்கம் நாம். பெரிய மனசுக்காரர் என்று நினைத்துக்கொள்ளாதே. வீடு சாக்கடை ஓரம், சாயத் தண்ணீர் நாற்றம் மூக்கைப் பிடுங்குகிறது, வேறு யாரும் வருவதில்லை. வாடகையும் கொஞ்சம் கூடுதல்தான். நான் சாதியைச் சொன்னதும் அவர் தன் சாதியைச் சொல்லவில்லை, என்னை ஏற இறங்கப் பார்த்தார். சரி, இதுவும் போயிற்று என்று நினைத்தேன். அந்த எரிச்சலில் மிச்சத்தையும் சொன்னேன். என் தங்கச்சி பறை அடிப்பாள், பொங்கலுக்கு வருகிறாள், பறை இந்த வீட்டில்தான் இருக்கும், பழகினால் சத்தம் வரும் என்று.

அவர் அதற்குத்தான் யோசித்தார். நிஜமாக, தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "எனக்கு விடியக்காலம் ஷிப்டு தம்பி. ராத்திரி ஒம்பது மணிக்கு மேல அடிக்காமப் பாத்துக்கிடுவியளா?"

யாரும் இதுவரை நம்மிடம் கேட்காத கேள்வி. அம்மா முந்திக்கொண்டாள். "எட்டு மணிக்கே நிறுத்தச் சொல்றேனுங்க."

"இல்லம்மா, எட்டு வேண்டாம், பிள்ளை பழகணும்ல. ஒம்பது போதும்" என்றார் அவர். ஒன்பது என்று முடிந்தது.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. சூப்பர்வைசர் இல்லை, வேறொரு கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குச் செக்கிங். சம்பளம் குறைவு. டீ வெளியே கடையில் குடிக்கிறேன். நீ பணம் அனுப்பத் தொடங்காதே, சண்டை வரும்.

உங்கள் குழுவுக்கு நானே போன் செய்து, பூங்குழலி அடிப்பாள் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்ததுதான், திட்டு. அவர்களுக்கு என் குரல் தெரியாததால் யார் பேசுவது என்று கேட்டார்கள். அவள் அண்ணன் என்றேன். நம்பாமல் இரண்டாம் தடவை கேட்டார்கள். எனக்கு உன் அடி பிடிக்குமா என்று இன்னும் தெரியாது. நின்று முழுசாகப் பார்த்ததில்லை. இந்த வருடம் பார்க்கிறேன். பிடிக்காவிட்டால் அதையும் சொல்வேன்.

வீட்டில் எந்த நேரம் வேண்டுமானாலும் பழகு. உன் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டேன், ஒன்பது மணிக்கு மட்டும் நிறுத்திவிடு. பாவம், அந்த மனுஷன் தூங்கட்டும்.

அருள்